ஆவிரையும் ஆவாரஞ்செடியும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கக்கூடிய மாணவர் ஒருவரேனும் எந்தத் தமிழ்த்துறையிலும் இருப்பார். அவற்றுள் எத்தனை மலர்களை அவர் கண்ணால் கண்டிருப்பார் என்பது வேறு கேள்வி. குறிஞ்சியைக் காண மலையேற வேண்டும். வேறு சிலவற்றுக்கு இன்றைய பெயர் எது என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. மலையேற்றமும் ஆராய்ச்சியும் வேண்டாத ஒரு மலரும் அப்பட்டியலில் இருக்கிறது. அதுதான் ஆவிரை. நம் பேச்சில் ஆவாரை, ஆவாரம்பூ. உழாத மேட்டிலும் சாலையோரச் சரளையிலும், எவரும் நடாமல், எவரும் நீர் வார்க்காமல், மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் புதர்ச்செடி. அச்செடியை வீட்டில் வளர்த்து வரும் அனுபவத்தை இங்கே நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள், கணவன் மனைவி இருவரும், தமிழ் கற்பிப்பவர்கள். வசிப்பது செங்கற்பட்டு மாவட்டத்துப் புதுப்பட்டினத்தில். அண்டையில் கல்பாக்கம் அணுமின் நிலையம். டச்சுக்காரர் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினமும் அருகிலேதான். திணை இலக்கணப்படி சொன்னால் நெய்தல் நிலம். கால் வைத்தால் புதையும் மணல், உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழை, அதன்பின் நெடுங்கோடை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை நகரம் குடிநீருக்குத் தவித்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரும் அப்போது உவர்த்தது. செம்பருத்தியின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. ரோஜாத் தொட்டிகள் ஒவ்வொன்றாய் வெறுந்தொட்டிகள் ஆயின. குடிக்கவே லாரி நீரை எதிர்நோக்கியிருக்கையில் பூச்செடிக்கு நீர் ஏது?

அந்நாளில் எங்களோடு தங்கியிருந்தார் துணைவியாரின் தாயார். கொங்கு நாட்டுக்காரர். போகியன்று வீட்டின் முகப்பிலும் தோட்டத்திலும் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துச் செருகிக் 'காப்புக் கட்டுவது' அவர்கள் ஊர் வழக்கம். கடற்கரையில் குடியேறிய மகளுக்கும் அவ்வழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஒரு தாளில் ஆவாரை விதைகளை மடித்துக் கொணர்ந்திருந்தார். "மாப்பிள்ளை, இதை ஊனி வையுங்க. வேர் புடிக்கற வரைக்குந்தான் தண்ணி. அதுக்கப்பறம் பக்கத்துலயே போகாதீங்க, அது பொழைச்சுக்கும்" என்றார். நாங்கள் படித்த வளர்ப்பு முறைகள் அனைத்தின் சாரமும் இந்த மூன்று வாக்கியங்களுள் அடங்கிவிடும்.

ஆயினும் சிறிது விரித்துச் சொல்வோம். ஆவாரையின் விதை கல்போன்ற தோல் உடையது. அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் உறங்கும். உப்புத்தாளில் மெல்லத் தேய்த்தோ, வெந்நீரில் இட்டு ஓர் இரவு ஊறவைத்தோ ஊன்றினால் விரைந்து முளைக்கிறது. ஆணிவேர் ஆழ இறங்கும் செடியாதலால் தொட்டியில் வளர்த்துப் பெயர்த்து நடுவதைவிட நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று. முழு வெயில் வேண்டும். நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. வறட்சியைத் தாங்கும் இச்செடி வேரடி ஈரத்தைத் தாங்காது. ஆவணியில் ஊன்றினோம். பருவமழையில் வேர் பிடித்தது. தை பிறந்தபின் நீர் வார்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். உரம் இட்டதில்லை. ஆவாரைத் தழையையே வயலுக்குப் பசுந்தாள் உரமாக மிதிப்பது நம் உழவர் வழக்கம். உரமாகும் செடிக்கு நாம் என்ன உரமிடுவது?

மலர்ச்சி ஓய்ந்தபின் ஆண்டுக்கொரு முறை கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறோம். வெட்டிய இடத்திலிருந்து புதுக்கிளை பல பிரியும். பூக்கொத்து கிளை நுனியில் வருவதாதலால் பூவும் பெருகும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்த இரவில் எங்கள் தெருவில் மரங்கள் சாய்ந்தன. ஆவாரை இரு பெருங்கிளைகளை இழந்து நின்றது. அடுத்த பருவத்தில் ஒடிந்த இடமெல்லாம் தளிர்த்ததைக் கண்டபோது, புயலும் கவாத்துச் செய்யும் போலும் என்று நகைத்துக்கொண்டோம்!

இரண்டாம் ஆண்டு முதல் பூக்கிறது. அருகில் நின்று பார்த்தாலன்றி அப்பூவின் நுட்பம் விளங்குவதில்லை. ஐந்து மஞ்சள் இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். அவற்றுள் மேலுள்ள மூன்றும் மலடு. தேன் என்பது இப்பூவில் இல்லவே இல்லை. பின் வண்டு ஏன் வருகிறது? கரிய பெரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்க்கும். அவ்வதிர்வில் தாள்களின் நுனித் துளை வழியே மகரந்தம் உதிரும். காலை வேளையில் அந்த ரீங்காரம் வாயிற்படி வரை கேட்கும். வெளிறிய பச்சை நிறப் பட்டாம்பூச்சி ஒன்று இலையில் முட்டையிடும்; புழுக்கள் இலைகளை அரிக்கும். நாங்கள் மருந்து தெளிப்பதில்லை. அரித்த இலை மீண்டும் தளிர்க்கும், புழு சிறகு முளைத்துப் பறந்துபோகும்.

இலக்கியத்துள் ஆவிரைக்குக் கிடைத்த இடம் வியப்புக்குரியது. காதலில் தோற்ற தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவில் வரும்போது சூடும் பூக்கள் எருக்கும் பூளையும் ஆவிரையும். கலித்தொகையின் நெய்தற்கலியிலேயே இக்காட்சி உண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டாத, யாரும் விரும்பிச் சூடாத பூக்கள். நாணத்தைத் துறந்தவனுக்கு அவையே பொருத்தம் போலும். அதே ஆவிரையும் பூளையும் குறிஞ்சிப்பாட்டில் மகளிர் பாறைமேல் குவிக்கும் மலர்களிடையே ஏறக்குறைய அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. வேரல், சூரல் என இரண்டே பெயர்கள் நடுவில். இன்று காப்புக் கட்டும் கொத்திலும் அவ்விரண்டும் இணைந்தே இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இந்த இணை பிரியவில்லை என்பதைப் போகியன்று கையில் ஏந்திப் பார்க்கும்போது உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது.

ஒருமுறை ஒரு கொத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். குறிஞ்சிப்பாட்டு மலர்களைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவி ஒருவர் அதனைக் கண்டதும், "ஐயா, இது எங்க ஊர் ஆவாரஞ்செடிதானே? எங்க ஆயா காயவெச்சு அரைச்சுத் தேச்சுக் குளிப்பாங்க" என்றார். இதுதான் ஆவிரை என்றோம். சிறிது நேரம் பேசாமல் நின்றார். "ரெண்டும் ஒண்ணா ஐயா?" என்று கேட்டார். அவருக்குச் செடியும் தெரியும், சொல்லும் தெரியும். அவை இரண்டையும் சேர்த்து வைப்பார்தாம் இல்லை.

செடியே இல்லாமற்போனால் எவர்தாம் சேர்த்து வைப்பது? ஆவாரம்பட்டை ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலின் உயிர்நாடி. பதனிட்ட தோல் கப்பலேறி இலண்டன் சென்றது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் முறை வந்தது. அதைக் கைக்கொண்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை இன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. குரோமியமும், வெளிநாட்டு வேலம்பட்டையும் வந்தபின் ஆவாரம்பட்டைக்கு மவுசு குறைந்தது. பட்டை உரிப்பாரிடமிருந்து தப்பிய செடி இப்போது வேறு இருவரிடம் அகப்பட்டிருக்கிறது.

ஒருவர் மனை விற்பவர். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மேட்டு நிலங்களைப் பொக்லைன் வழித்துச் செம்மண் பரப்பிக் கல் நட்டுவிடுகிறது. மற்றவர் பூப்பறிப்பவர். சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூத் தேநீர் என்ற பேச்சு பரவியபின், மொட்டு விரியுமுன்பே மூட்டை மூட்டையாய்ப் பறிக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. விலங்குகளில் செய்த ஆய்வுகள் சர்க்கரை குறைவதைக் காட்டியதும் உண்டு. ஆனால் மருத்துவர் தந்த மாத்திரையைக் கைவிட அது போதிய சான்று ஆகாது. பூவெல்லாம் தேநீரானால் காய் ஏது, விதை ஏது? பறித்து விற்கும் ஏழைப் பெண்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கொத்துக்கு நான்கு பூவை விட்டுப் பறித்தால் அவர்களுக்கே அடுத்த ஆண்டும் பிழைப்பு உண்டு.

தெலங்கானா மாநிலம் 2014-இல் பிறந்தபோது இதே பூவை, தங்கேடு என்ற பெயரில், மாநில மலராக ஏற்றது. பதுக்கம்மா விழாவில் பெண்கள் கோபுரமாய் அடுக்கும் பூக்களில் இதற்கே முதன்மை. நமக்கு அரசாணை எதுவும் வேண்டாம். வீட்டுக்கொரு செடி போதும். மண் எப்படி இருந்தாலும் சரி, நீர் இல்லாவிட்டாலும் சரி. நேரமில்லை என்போர்க்கும் இது ஏற்ற செடி. அடிக்கடி கவனிக்காமல் இருப்பதே இதற்குச் செய்யும் நற்பணி!

மாசியில் காய்கள் தட்டையாய்ப் பழுப்பேறித் தொங்கும். ஒரு காயில் ஏறத்தாழ 12 முதல் 20 விதைகள் இருக்கும். ஆண்டுதோறும் அவற்றைச் சேர்த்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, உறையின்மேல் 'ஆவிரை' என்றும் அதன்கீழ் 'ஆவாரை' என்றும் எழுதி, கல்லூரி முடித்துச் செல்லும் மாணவர்களுக்குத் தருகிறோம். சிலர் மறந்திருக்கலாம். மூவர் மட்டும், தம் வீட்டுச் செடி பூத்துவிட்டதென்று படம் அனுப்பியிருக்கிறார்கள்.