ஆற்றின் மறுமுனை

நுழையும்முன்

ஓர் ஊரைக் காணச் செல்லுமுன் நம்முள் எழும் வினாக்களே அப்பயணத்தின் பயனை முடிவு செய்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த வேளாண் குடும்பம் ஒன்று, பழைமையான துறைமுக நகரமாகிய கொச்சிக்குச் சிறு சுற்றுலா செல்லத் திட்டமிட்ட அனுபவத்தை இப்பாடம் விவரிக்கிறது.

அடுத்த ஆண்டு பார்க்கலாம்

சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டையில் பிறந்து வளர்ந்த என் தந்தை, அறுபத்தெட்டு வயதுவரை கடலைக் கண்டதில்லை. ஜூன் மாதத்தில் பெரியாற்று நீர் திறக்கப்பட்டால் முதல் போகத்திற்கு நாற்றங்கால் பாவ வேண்டும். அது அறுவடையாகும் முன்பே இரண்டாம் போகத்தின் கவலை தொடங்கிவிடும். இடைப்பட்ட நாள்களிலோ களமும் வைக்கோலும் பசுக்களும் அவரைக் கட்டிப்போடும். "கடல் எங்கே போய்விடப் போகிறது? அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார். அந்த அடுத்த ஆண்டு முப்பது ஆண்டுகளாக வரவே இல்லை.

கடந்த ஆண்டு அவருக்கு முழங்கால் வலி கண்டது. வரப்பில் நடப்பதற்கும் கோலூன்ற வேண்டியதாயிற்று. அன்று அம்மா என்னிடம் சொன்னார்: "இனிமேலும் அடுத்த வருசம்னு சொல்லக் கூடாதப்பா."

பதினான்கு இடங்கள்

திட்டமிடும் பொறுப்பு என்னுடையதாயிற்று. குமுளி மலைப்பாதையில் ஏறி, பீர்மேடு, முண்டக்கயம், கோட்டயம் வழியாகச் சென்றால் கொச்சியை அடையலாம். கார்த்திகை, மார்கழியில் அவ்வழி சபரிமலை செல்வோரால் நிறைந்திருக்கும். ஜூன் மாதத்திலோ அங்கே பருவமழை, இங்கே நாற்றங்கால். எனவே இரண்டாம் போக அறுவடை முடிந்த பங்குனி இறுதியே ஏற்ற காலம் என முடிவு செய்தேன். பசுக்களைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு அக்கா இசைந்தார். திங்கள் இரவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த வரையறை.

குறிப்பேட்டில் பதினான்கு இடங்களை வரிசையாக எழுதினேன். வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களிலும் அவற்றைச் சுற்றிப் பார்ப்பது என் திட்டம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும், யூதர்களின் ஓய்வுநாளாகிய சனிக்கிழமையன்று அவர்தம் தொழுகைக்கூடம் பார்வையாளர்க்குத் திறக்கப்படாது என்பதையும் பிறகே அறிந்தேன். பெருமையுடன் தீட்டிய திட்டத்தில், முதன்மையான இரண்டு இடங்களின் வாயிலிலும் பூட்டுத் தொங்கியது! நாள்களைச் சனி, ஞாயிறு என மாற்றி எழுதினேன்.

தந்தையின் வினா

திருத்திய திட்டத்தை இரவு உணவுக்குப் பின் படித்துக் காட்டினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். பின்னர் ஒரே ஒரு வினா எழுப்பினார்: "நம்ம பெரியாறு அங்க எந்த இடத்துல கடல்ல சேருது?"

என் பட்டியலில் அதற்கு விடை இல்லை.

அவ்வினாவே என்னைப் படிக்கத் தூண்டியது. மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் குறுக்கே பென்னிகுவிக் கட்டிய அணை 1895ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே ஒரு பகுதி நீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரால் விளைகிறது. மேற்கே செல்லும் ஆறு ஆலுவாவுக்கு அருகில் இரண்டாகப் பிரிகிறது. அதன் தென்கிளை வேம்பநாட்டுக் காயலில் கலந்து, கொச்சி முகத்துவாரத்தின் வழியே கடலை அடைகிறது.

சங்க இலக்கியம் போற்றும் முசிறித் துறைமுகம் இவ்வாற்றின் கழிமுகத்தில் இருந்தது. யவனர் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழைய துறைமுகத்தின் வாயிலைத் தூர்த்து, கொச்சியின் வாயிலைத் திறந்துவிட்டது என்பர் வரலாற்றாசிரியர். போர்த்துக்கீசியர் அங்கு 1503இல் கோட்டை எழுப்பினர். 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் அந்நகரைக் கைப்பற்றினர். அனைவரையும் ஈர்த்தவை மலையில் விளைந்த மிளகும் ஏலமும் ஆகும்.

இதைச் சொன்னபோது அப்பா நிமிர்ந்து அமர்ந்தார். இளமையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்தவர் அவர். "அப்ப நான் பறிச்ச காய் போன ஊருன்னு சொல்லு" என்றார்.

மூன்று வரிகள்

பதினான்கு இடங்களில் பதினொன்றை அடித்துவிட்டேன். அம்மாவுக்காக, இராமாயண ஓவியங்கள் நிறைந்த மட்டாஞ்சேரி அரண்மனை; எனக்காக, அதன் அருகிலேயே 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம்; அப்பாவுக்காக முகத்துவாரம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமா முதலில் புதைக்கப்பட்ட பிரான்சிஸ் தேவாலயத்தை, நேரமிருந்தால் பார்க்கலாம் என ஓரத்தில் குறித்தேன். முழங்கால் வலியை எண்ணி, நடக்கும் தொலைவைக் குறைத்து, படகுப் பயணத்தைச் சேர்த்தேன்.

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். மாலையில் எறணாகுளம் படகுத்துறையில் ஏறி, கோட்டைக் கொச்சியில் இறங்கினோம். வழியில் தெரிந்த வில்லிங்டன் தீவு, பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் முயற்சியால், காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்றேன். "ஒரு என்ஜினியர் மலையைக் குடைஞ்சார், இன்னொருத்தர் மண்ணைக் கொட்டித் தீவாக்கினார்" என்று வியந்தார் அப்பா.

சீன வலைகள் நீரில் தாழ்வதும் எழுவதுமாக இருந்தன. ஒரு சரக்குக் கப்பல் மெல்ல முகத்துவாரத்தைக் கடந்தது. அப்பா கரையோரக் கல்லில் அமர்ந்து, முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கோலை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பற்றியபடி நீர் விளிம்புக்குச் சென்றார். குனிந்து ஒரு கை நீரை அள்ளினார்.

"நம்ம வயலுக்குத் திரும்புனது போக மிச்சம் இங்க வருது" என்றார். "நமக்கு மட்டும்தான் இந்த ஆறுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

மறுநாள் அரண்மனையையும் தொழுகைக்கூடத்தையும் பார்த்தோம். தேவாலயத்திற்குச் செல்ல நேரமிருந்தது. ஆயினும் அப்பா மீண்டும் முகத்துவாரத்திற்கே போகலாம் என்றார். போனோம்.