லேபிளில் எந்த முகவரியைப் போடுவது?

பழவேற்காட்டுப் பக்கம் காட்டூரில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் அழைப்புகளில் பாதி தொழில்முனைவோர் பயிற்சிக்குத்தான். மேடையில் ஒருவர் நின்று, "யோசனைதான் முதலீடு. நல்ல யோசனை இருந்தால் சந்தை உங்களைத் தேடி வரும்" என்பார். எங்கள் பெண்கள் கைதட்டிவிட்டு, பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அந்த வாக்கியத்தை நானும் சில ஆண்டுகள் நம்பினேன். இப்போது ஏன் நம்புவதில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யோசனை எங்கள் காலனியிலேயே பிறந்தது. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் சொன்னது அது. "அக்கா, ஹாஸ்டல்ல குழம்பு வாயில வைக்க முடியாது. அம்மா வறுத்துக் குடுத்தனுப்புற எறா பொடியைச் சோத்துல போட்டுப் பிசைஞ்சா போதும். ரூம்ல பத்து பேர் கை நீட்டுவாங்க. இதையே பாக்கெட் போட்டா இன்னா?" பொடி எறாவுக்கு ஏலத்தில் விலையே கிடையாது. அதைக் காயவைத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து வறுத்து அரைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் நிற்கும். விடுதி மாணவர்களுக்கும் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கும் கைகொடுக்கும். எந்த மேலாண்மைக் கல்லூரியிலும் இதை நல்ல யோசனை என்றுதான் சொல்வார்கள்.

முதல் முட்டுக்கட்டை மூலப்பொருளிலேயே வந்தது. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்பதைக் குறிப்பிட்ட மீனவக் கிராமங்கள் சீட்டுக் குலுக்கித் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். சண்டையைத் தவிர்க்க உருவான நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் இருக்க அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும். தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் மிஞ்சுவது ஆழமில்லாத சேற்றுத் தண்ணீர். இருளர் பெண்கள் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி எறா பிடிப்பதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். எங்கள் பொடிக்கான எறா அப்படித்தான் வந்தது.

இரண்டாவது முட்டுக்கட்டை பணம். எங்களுக்குத் தேவைப்பட்டது நாற்பதாயிரம் ரூபாய். 2016 ஏப்ரல் 5 அன்று தொடங்கிய ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு என்று வந்ததுதான். ஆனால் அதில் கடன் தொடங்கியதே 10 லட்சத்தில், முடிந்தது ஒரு கோடியில். சேற்றில் எறா பொறுக்கும் பெண் 10 லட்சத்துக்கு என்ன திட்ட அறிக்கை எழுதுவாள்? ஒரு வங்கிக்குப் போய் அடமானம் கேட்காத முத்ரா கடனைப் பற்றி விசாரித்தோம். "உங்க கணக்குல நடமாட்டமே இல்லையேம்மா" என்றார் அதிகாரி. பணம் இருந்தால்தானே நடமாட்டம் இருக்கும்! கடைசியில் சுயஉதவிக் குழுச் சேமிப்பை எடுத்து ஒரு அரவை இயந்திரமும் பாக்கெட் ஒட்டும் மிஷினும் வாங்கினோம்.

மூன்றாவது முட்டுக்கட்டையைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் முதலில் இருபது பாக்கெட் எடுத்துக்கொண்டார். நான்கு நாளில் விற்றும் போயிற்று. அடுத்த முறை போனபோது, "இது எந்தத் தெருவுல செய்யறது?" என்று கேட்டார். சொன்னோம். "இப்போதைக்கு வேணாம், சரக்கு நிக்குது" என்றார். நின்ற சரக்கு எதையும் அவர் காட்டவில்லை.

அன்று மாலை நான் சொன்ன யோசனையை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. உணவுப் பாக்கெட்டில் தயாரிப்பவரின் முழு முகவரி இருக்க வேண்டும் என்பது சட்டம். "பொன்னேரியில் என் தோழி வீடு இருக்கிறது. அந்த முகவரியிலேயே பதிவு வாங்கிக்கொள்ளலாம்" என்றேன். எறா வறுத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, மேடையில நிமிந்து நில்லுன்னு பேசுறே. பாக்கெட்டுல மட்டும் குனிஞ்சுக்கணுமா?" விடுதிப் பெண் உடனே மறுத்தாள். "ஆயா, பேச்சு சோறு போடாது. முதல்ல விக்கட்டும், அப்புறம் நிமிரலாம்." எனக்கு இருவர் பேச்சிலும் நியாயம் தெரிந்தது. சமூகவியலில் முதுகலை படித்தவளிடம் அதற்குப் பதில் இல்லை.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் பாபாசாகேப். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் நாடு திரும்பியவர், பிழைப்புக்காகப் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ரூபாயின் பிரச்சினை குறித்துப் பின்னாளில் புத்தகமே எழுதியவரின் அறிவை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். தொழில் படுத்தது. யோசனைக்குப் பஞ்சமில்லை, திறமைக்கும் பஞ்சமில்லை. சந்தைக்குச் சாதி இருந்தது.

அப்படியானால் தொழிலே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். 1972இன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. இருளர்களின் பிழைப்பும் போயிற்று. ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978இல் சங்கத்தை அமைத்தார்கள். கொல்வதற்குப் பிடித்த பாம்பை இப்போது விஷம் எடுக்கப் பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் முக்கிய மூலப்பொருள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாட்டன் சொத்தான அறிவு சரக்காக மாறியது, அதுவும் முதலாளி இல்லாமல், கூட்டுறவாக. இதைக் கொண்டாடும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாம்பு பிடிக்க ஒவ்வொரு முறையும் வனத்துறை அனுமதி தர வேண்டும், எண்ணிக்கையும் அதுவே தீர்மானிக்கும். விஷம் மருந்தாகும் தொழிற்சாலை இருளர்களுடையது இல்லை.

எங்கள் ஊர்க் கதையும் அதுதான். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய பழவேற்காட்டிலிருந்து கட்டம் போட்ட துணி உலகெங்கும் போயிற்று. மெக்சிகோவில் கைக்குட்டைக்கு இன்றும் 'பாலியாகாதே' என்று பெயர். மலாய்க்காரர்கள் கட்டும் கைலி 'பெலிகாட்'. ஊர்ப் பெயர் கடல் தாண்டிப் போய் நின்றுவிட்டது. நெய்தவர் பெயர் எதிலும் இல்லை. அதே துறையிலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்.

ஆகவே தோழர்களே, பயிற்சிக்குப் போங்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம் மானியம் இருக்கிறது, விண்ணப்பியுங்கள். அது சலுகை இல்லை, நம் உரிமை. ஆனால் "உங்கள் யோசனை என்ன?" என்று கேட்பவரிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். மூலப்பொருள் யார் கையில்? விலையை யார் வைக்கிறார்? பாக்கெட்டில் யார் பெயர்? இந்த மூன்றுக்கும் பதில் தேடுவது தொழிலுக்கு வெளியே இருக்கும் அரசியல் இல்லை. தொழிலே அதுதான்.

2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். சொல் போன பிறகும் "எந்தத் தெரு?" என்ற கேள்வி மிச்சமிருக்கும் என்பதையும் அறிவேன்.

எங்கள் பாக்கெட்டில் எங்கள் முகவரிதான் இருக்கிறது. ஆயா சொன்னபடி அச்சடித்தோம், விடுதிப் பெண் சொன்னபடி வேறு சந்தை தேடினோம். கடைத்தெருவை விட்டுவிட்டு, சென்னை விடுதிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் வழியாக ஆர்டர் எடுக்கிறோம். மாதம் அறுபது, எழுபது பாக்கெட் போகிறது. ஐந்து பெண்களுக்குப் பிரித்தால் பெரிய தொகை இல்லை. மழை மாதங்களில் எறா காயாமல் அதுவும் நிற்கிறது. இதை வெற்றிக் கதை என்று யாராவது மேடையில் சொன்னால் நானே எழுந்து மறுப்பேன். போன வாரம் அந்தக் கடைக்காரரின் மகன் போன் செய்து இரண்டு பாக்கெட் கேட்டான், கல்லூரி விடுதிக்கு எடுத்துப் போக வேண்டுமாம். அனுப்பி வைத்தோம், முகவரியோடுதான்.