நிழலுக்கு ஏற்ற பச்சை

சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் வெளியே சென்று திரும்பியவர்களுக்கு நிழலின் அருமையைப் பற்றி எவரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும், தோட்டம் போட வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டால், அதே மனிதர் நிழலை விரோதியாகப் பாவிக்கத் தொடங்கிவிடுகிறார். "இங்கே வெயிலே விழுவதில்லை, எதை வைத்தாலும் வருவதில்லை" என்று மரங்களின் மீது குற்றப் பத்திரிகை வாசிக்கிறார். இந்த வழக்கில் மரங்களின் கட்சியை எடுத்துப் பேசுவதே நமது நோக்கம்.

நமது வீட்டுக் கொல்லையில் இரண்டு மாமரங்களும் ஒரு பலாவும் உண்டு. தகப்பனார் வைத்து வளர்த்தவை. அவற்றின் அடியில் தரை மொட்டையாகக் கிடந்தது. ஐப்பசி மழை பெய்யுந்தோறும் மேல் மண் கரைந்து ஓடியது; வேர்கள் முதியவர் கை நரம்புகளைப் போல் புடைத்து நின்றன. தோட்டக் கலையில் தேர்ந்தவர் ஒருவர் வந்து பார்த்தார். தெற்குப் பக்கத்துக் கிளைகளை வெட்டிப் புல்தரை போடலாம், இல்லையேல் மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாக் கொடியைப் பரப்பலாம் என்று யோசனை சொன்னார்.

வீடு இரண்டு கட்சியாயிற்று. பிள்ளைகள் புல்தரைக் கட்சி. அத்தை மரக் கட்சி.

"அண்ணா வைத்த மரத்தில் அரிவாள் பட்டால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன். கிணற்றடியைப் போய்ப் பாரடா! அங்கே பலா நிழலில் வல்லாரை மண்டிக் கிடக்கிறதே, அது யாரைக் கேட்டு வளர்கிறது?" என்றாள் அத்தை.

அத்தையின் கேள்விக்கு விடை தேடியபோது, நியாயம் அவள் பக்கமே இருக்கக் கண்டோம். புல்தரைக்கு நல்ல வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் அது நாளடைவில் நைந்துபோகும். வெடேலியாவோ அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்தது. நட்ட இடத்தில் நில்லாமல் மற்றச் செடிகளை அமுக்கிப் பரவுவது அதன் சுபாவம். உலகில் பெருந்தீங்கு விளைவிக்கும் அந்நிய உயிரினங்கள் நூற்றை நிபுணர்கள் தொகுத்த ஜாபிதாவில் அதற்கும் இடம் கிடைத்திருக்கிறது!

வல்லாரையோ இம்மண்ணுக்கு உரியது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ல் சாஸ்திர நாமம் சூட்டியபோதே, 'ஏஷியாட்டிகா' என்று நமது கண்டத்தின் பெயரை அதற்கு அளித்தார். 1879-ல் ஜெர்மானிய அறிஞர் உர்பன் அதனை 'சென்டெல்லா' என்னும் இனத்தில் சேர்த்தார். இனத்தின் பெயர் மாறிற்று, ஏஷியாட்டிகா மாறவில்லை.

அது வளரும் விதமே தரையைக் காப்பதற்கென்று அமைந்தது போலிருக்கிறது. மெல்லிய தண்டு தரையோடு ஓடுகிறது. கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடுகிறது. அங்கே ஒரு கொத்து இலை எழுகிறது. ஆயிரம் சிறு தையல்கள் போட்டு மண்ணைத் தைத்துவிடுவது போல! வெயிலில் இலை சிறுத்துத் தரையோடு கிடக்கும். மிதமான நிழலில் காம்பு நீண்டு, இலை அகன்று விளங்கும்.

ஆவணியில் வேருடன் கூடிய கணுக்களைக் கிள்ளிச் சாண் இடைவெளியில் நட்டோம்; பெருமழைக்கு முன் அவை வேர் பிடிக்க வேண்டுமல்லவா? மர வேரை வெட்டாமல், மக்கிய எருவை மேலே தூவினால் போதும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஜலம் தேங்கலாகாது. உதிரும் மாவிலைகளை அவ்வப்போது அள்ளிவிட வேண்டும். மரத்தை ஒட்டிய கும்மிருட்டில் அது மெலிந்தே வளரும். இலைகளினூடே ஒளி சிந்தும் இடமே அதற்கு உகந்தது. கோடையில் ஜலம் குறைந்தால் வாடும். ஆனால் வேர் உயிரோடிருந்தால் மழையில் மீண்டும் தழைக்கும்.

இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் கொல்லையிலிருந்து ஓடிய ஜலம் கலங்கலின்றித் தெளிவாக இருந்தது. அத்தையின் வல்லாரைத் துவையல் வாரம் ஒரு முறை இலைக்கு வந்தது.

இலையைப் பறிக்கும்போது தண்டைப் பிடுங்காமல், காம்போடு கிள்ளுவதே முறை. சாக்கடை ஓரத்தில் வளர்ந்ததை உண்ணலாகாது. மண்ணில் உள்ள நஞ்சையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வடநாட்டில் சிலர் வல்லாரையையும் 'பிரம்மி' என்பதுண்டு. நமது நீர்ப்பிரம்மி வேறு செடி. தவளைப் பாதம் போன்ற வட்ட இலை வல்லாரைக்கு உண்டு. நீர்ப்பிரம்மியின் இலை சிறுத்து, நீண்டு, தடித்திருக்கும். ஞாபக சக்திக்கு நல்லது என்று பெரியோர் சொல்வதை நம்பி, பாடம் படிக்காமல் துவையலை மட்டும் உண்டு பரீக்ஷைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் ஜவாப்தாரியல்ல!

நேயர்களே, உங்கள் கொல்லையிலும் வெயில் எட்டாத மூலை ஒன்று இருக்கலாம். அங்கே எதை வைப்பது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், அந்த மூலையில் தானாக என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஒரு நாளில் வெட்டிவிடக்கூடிய கிளை மீண்டும் நிழல் தர எத்தனை வருஷங்கள் ஆகும்! அந்த நிழலிலே மகிழ்ந்து வளரும் பச்சை நம் காலடியில் இருக்கையில், அரிவாளை எடுப்பானேன்?