இரவல் வேறு, வாடகை வேறு

இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலோ என்னவோ, பிறர் பொருளை எடுத்துப் பயன்படுத்துவதென்றாலே நம்மவர்க்கு உள்ளம் கூசுகிறது. இரவலையும் வாடகையையும் ஒன்றாகவே எண்ணி இரண்டுக்கும் நாணுகிறோம். ஆனால், இரவலில் கொடுப்பவரின் தயவு இருக்கிறது. வாடகையில் அது இல்லை. உரிய பணத்தைக் கொடுக்கிறோம், உரிய காலம் பயன்படுத்துகிறோம், திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இதில் தலைகுனிய என்ன இருக்கிறது?

இவ்வாறு எண்ணத் தூண்டியது, கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கையின் வீட்டில் எழுந்த ஒரு வழக்கு. அவளுடைய மகனுக்கு 17 வயது. மாரி காலத்தில் நண்பர்களுடன், இரண்டு மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள புளூ மவுண்டன் என்னும் மலைக்குச் சென்று, பலகையில் நின்று பனியிற் சறுக்கப் பழகுகிறான். இதுவரை யாவும் வாடகைக்குத்தான். இனிப் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாவற்றையும் சொந்தமாகவே வாங்க வேண்டும் என்பது தாயின் கட்சி. வாடகையே போதும் என்பது தந்தையின் கட்சி. அவர் இரவு வேலைக்குப் போய் உழைப்பவர்.

தங்கை தொலைபேசியிற் சொன்ன வார்த்தை என் நெஞ்சைத் தொட்டது. "அண்ணா, நாங்கள் இரவல் சட்டையோடை பள்ளிக்கூடம் போனது போதும். என்ரை பிள்ளையும் ஆற்றையோ சப்பாத்தைப் போடோணுமோ?"

பொரளையில் இருந்துகொண்டு, பனிமலையைக் கண்ணாலும் காணாத நான் இதற்கு என்ன தீர்ப்புக் கூறுவது? ஆயினும், நம் நாட்டிலும் சறுக்குப் பலகை உண்டு. பனிக்குப் பதிலாக அலை, அவ்வளவே. பொத்துவிலை அடுத்த அறுகம்பையில், ஏறத்தாழ மே மாதம் முதல் செப்டெம்பர் வரை அலைச்சறுக்குக் காலம். அவ்வூர் இளைஞர் நாள்தோறும் கடலில் இறங்குபவர்கள். அவர்களுக்குச் சொந்தப் பலகை தேவை. ஆண்டில் ஒருமுறை விடுமுறைக்குச் செல்லும் கொழும்பு மாணாக்கர் கரையோரக் கடைகளில் வாடகைக்கே எடுக்கின்றனர். பழகத் தொடங்குபவருக்கு நீண்டு அகன்ற, மேற்பரப்பு மென்மையான பலகை ஏற்றது. தேர்ச்சி வந்தபின் அதனிலும் குறுகியதை மனம் நாடும். அவசரப்பட்டு முதலில் வாங்கியது பிறகு சுவரோடு சாய்ந்து கிடக்கும்.

பனிப் பலகையும் இத்தகையதே. தொடங்குபவருக்கு எளிதில் வளைந்து கொடுக்கும் பலகை நல்லது. வேகமும் துணிவும் கூடும்போது விறைப்பானது வேண்டும். ஆகவே, வாடகைக் காலம் வீண் காலமன்று. எதை வாங்குவது என்பதை அதுவே கற்பிக்கிறது.

கணக்கும் எளிது. வாங்கும் விலையை ஒரு நாள் வாடகையால் வகுத்துப் பாருங்கள். விடை 12 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஒரு மாரியில் 4 முறை மட்டுமே மலைக்குப் போவானாயின், விலை ஈடாக 3 ஆண்டுகள் செல்லும். வாரந்தோறும் போவானாயின் ஒரே மாரியில் ஈடாகிவிடும். சொந்தப் பலகைக்கு மெழுகு பூசுதல், ஓரங்களைத் தீட்டுதல் என்ற செலவுகளும் உண்டு என்பதை மறத்தலாகாது.

ஆனால், என் தங்கையின் நெஞ்சக் குமுறலில் ஓர் உண்மையும் இருந்தது. அவள் பலகையைச் சொல்லவில்லை, சப்பாத்தையே சொன்னாள். உண்மையில் முதலில் வாங்கத்தக்கது அதுதான். குதிகால் உள்ளே மேலெழும்பினால் பலகை சொற்கேளாது. பலர் கால்பட்டுத் தளர்ந்த சப்பாத்து இறுக்கமாய்ப் பொருந்துவது அரிது. சொந்தச் சப்பாத்தின் உட்புறமோ நாளடைவில் அணிபவரின் பாதத்துக்கு இசைந்துவிடும். தலைக்கவசமும் அவ்வாறே. பலத்த அடி ஒன்று பட்டாலே உள்ளிருக்கும் பஞ்சு நசுங்கித் தன் காக்கும் வலுவை இழக்கலாம். அது வெளியே தெரியாமலும் போகலாம். உடலோடு ஒட்டுவதையும் உயிரைக் காப்பதையும் வாங்குக; தேர்ச்சியோடு மாறுவதை வாடகைக்கு எடுக்க. துடுப்பாட்டத்திலும் இதே முறைதான்: துடுப்பு பள்ளிக்கூடப் பையிலிருந்து வரலாம், உடற்காப்பு அவரவருடையதாய் இருத்தல் நன்று.

மருமகனின் தங்கைக்கு 9 வயது. அவளும் பழக விரும்புகிறாள். வளரும் பிள்ளைக்கு இன்று பொருந்தும் சப்பாத்து அடுத்த மாரியிற் பொருந்தாது. பருவத் தொடக்கத்தில் எடுத்து வசந்தத்தில் திருப்பிக் கொடுக்கும் பருவ வாடகை முறை அங்குண்டு. அவளுக்கு அதுவே தகும்.

இவ்விளையாட்டின் தொடக்கமும் ஒரு வீட்டு முற்றத்துக் கதைதான். 1965 ஆம் ஆண்டு நத்தார் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பொப்பன் என்பவர், தம் பெண்மக்கள் விளையாட இரண்டு சறுக்கு மரங்களை ஒன்றாய்ப் பிணைத்துக் கொடுத்தார். 1998 இல் ஜப்பானின் நகானோ நகரில் பலகைச்சறுக்கு ஒலிம்பிக் அரங்கேறியது. முற்றத்தில் சறுக்கிய அந்தக் குழந்தைகளுக்கு வேண்டியிருந்தது தந்தையின் ஒரு பொழுது.

ஆதலால் நான் சொன்ன தீர்ப்பு இது: மகனுக்குச் சப்பாத்தும் தலைக்கவசமும் சொந்தம், பலகை இந்த மாரிக்கு வாடகை. மிச்சப்படும் பணத்தில் தந்தை ஓரிரவு வேலையை விட்டு, பிள்ளைகளுடன் மலைக்குப் போகட்டும்.