துண்டு நெய்த ஊரும் மூன்று கையெழுத்தும்



கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின் மேல் 50 விழுக்காடு வரி போட்ட பிறகு ஆர்டர் குறைந்ததையும், தையல் பிரிவில் ஆட்களை நிறுத்தியதையும் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், அவங்க நாட்டுத் தொழிலைக் காப்பாத்தறதுக்குன்னும் ஒரு காரணம் சொல்றாங்க. அப்படின்னா நம்ம மாதிரி நாட்டுச் சரக்கு போய், அங்கயும் நிறையப் பேருக்கு வேலை போயிருக்கும்ல? அவங்களுக்கு அந்த கவர்மெண்ட் என்ன செஞ்சது?"

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காத பையன் அவர். இப்போது கேட்டிருப்பது முதல் பெஞ்சுக் கேள்வி. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கன்னாபோலிஸ் என்று ஓர் ஊர். கேனன் என்ற குடும்பம் 1906-இல் நிலம் வாங்கி ஆலை கட்டி உருவாக்கிய ஊர் அது. அங்கே நெய்ததும் நம்ம ஊர்ச் சரக்குதான்: குளியல் துண்டு, படுக்கை விரிப்பு. கேனன் துண்டு இல்லாத அமெரிக்க வீடு குறைவு என்னும் அளவுக்கு ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகள்கூட வெகுகாலம் கம்பெனிக்குச் சொந்தம். 1984-இல்தான் அந்த ஊர் சட்டப்படி ஒரு நகராட்சியாகவே ஆனது. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவோடு, அம்மாவோடு ஆலைக்குப் போவது அங்கே சாதாரணம். சம்பளம் நிச்சயம் என்றால் படிப்பு எதற்கு என்று யாருக்கும் தோன்றாதுதானே? நம் பக்கத்திலும் பத்தாம் வகுப்பு முடிக்காமல் தறிக்குப் போன பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

2003 ஜூலை 30 அன்று ஆலை மூடப்பட்டது. அப்போது அதன் பெயர் பில்லோடெக்ஸ். ஒரே அறிவிப்பில் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. அதில் 4,000-க்கும் மேற்பட்டோர் வட கரோலினாவைச் சேர்ந்தவர்கள். அந்த மாநிலம் அதுவரை அவ்வளவு பெரிய ஆள்குறைப்பைக் கண்டதில்லை. கம்பெனிக்குத் தலைக்கு மேல் கடன் இருந்தது. அதற்கு முன்பே ஒருமுறை திவாலாகி எழுந்த கம்பெனி அது. ஆனால் எழுந்து நிற்க முடியாமல் போனதற்குப் பெரிய காரணம், சீனா, பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மலிவாக வந்து இறங்கிய துணி. 2005 ஜனவரி 1-இல் கோட்டா முறை முடிந்தபோது நம் ஊரில் எவ்வளவு மகிழ்ச்சி என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மகிழ்ச்சிக்கு இன்னொரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த ஊர்களில் கன்னாபோலிஸும் ஒன்று.

இனி கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1962-இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட வணிக விரிவாக்கச் சட்டத்தில் ஒரு பகுதி இதற்காகவே எழுதப்பட்டது. அதன் அடிப்படை எளிமையானது. இறக்குமதி பெருகினால் நாட்டில் எல்லோருக்கும் துண்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் துண்டு நெய்தவருக்கு மட்டும் வேலை போகும். பலருக்குக் கிடைக்கும் சின்ன லாபத்துக்காகச் சிலர் முழு நஷ்டத்தைச் சுமக்கிறார்கள். எனவே அந்தச் சிலருக்கு ஈடு செய்வது நாட்டின் கடமை. இதைத் தர்மம் என்று சொல்லக்கூடாது, கடன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்ணம் நல்லதுதான். நடந்தது என்ன? 1969 வரை ஒரு தொழிலாளர் விண்ணப்பம்கூட ஏற்கப்படவில்லை! அரசு வரியைக் குறைத்ததுதான் இறக்குமதி பெருகக் காரணம், அந்த இறக்குமதிதான் வேலை போனதற்கு முதன்மைக் காரணம் என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. தறி ஓட்டுகிறவர் இதை எப்படி நிரூபிப்பார்? 1974-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நிபந்தனைகளைத் தளர்த்திய பிறகுதான் உதவி உண்மையில் கைக்குக் கிடைக்கத் தொடங்கியது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. விண்ணப்பிக்கப் பெரிய வக்கீல் தேவையில்லை. ஒரே இடத்தில் வேலை பார்த்த மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். தொழிற்சங்கமும் போடலாம், முதலாளியே போடலாம். தொழிலாளர் துறை விசாரித்து, இறக்குமதியால்தான் வேலை போயிற்று என்று சான்று கொடுத்தால், அந்த மூவருக்கு மட்டுமல்ல, அந்த ஆலையில் அப்படி வேலை இழந்த எல்லோருக்கும் உதவி பெற வழி திறக்கும்.

என்ன உதவி? பில்லோடெக்ஸ் மூடிய காலத்து விதிப்படி, புதுத் தொழில் படிக்கக் கட்டணம். படிக்கும்போது குடும்பம் பட்டினி கிடக்காமல் வாராவாரம் ஒரு தொகை, வேலையில்லாதோர் காப்பீட்டுக் காலத்தையும் சேர்த்து 104 வாரம் வரை. மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் 65 விழுக்காட்டுக்கு வரிச்சலுகை. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதுச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை. அடிப்படைக் கல்வியிலிருந்தே தொடங்க வேண்டியவர்களுக்கு இன்னும் 26 வாரம் கூடுதல்.

ஓர் ஆசிரியனாக இந்தக் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கன்னாபோலிஸ் ஆட்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். முப்பது வருடம் தறியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவர், ஐம்பது வயதில் பின்னக் கணக்குப் போட வேண்டும், கணினி முன் உட்கார வேண்டும். அந்த வட்டாரத்தின் ரோவன்-கபாரஸ் சமுதாயக் கல்லூரிக்கு அப்படி வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். பேரன் பேத்தி எடுத்த வயதில் நோட்டுப் புத்தகத்தோடு வகுப்புக்குள் நுழைய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! முதியோர் கல்வி வகுப்பு எடுத்த எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும், பெரியவர்களுக்குப் பாடம் வராமல் போவதில்லை. வெட்கம் போகத்தான் நாளாகும். அந்த 26 வாரத்தை எழுதியவர் யாரோ, வகுப்பறையை அறிந்தவர்.

இதனால் பலன் கிடைத்ததா? அமெரிக்கத் தொழிற்சங்கக்காரர்களே இந்த உதவியை 'அடக்கச் செலவுக்கான காப்பீடு' என்று கேலி செய்ததுண்டு. வேலையைக் காப்பாற்றாமல் வேலை செத்த பிறகு கொடுக்கும் காசு என்று பொருள். ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. பெஞ்சமின் ஹைமன் என்ற பொருளியலாளர் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். விண்ணப்பங்களை விசாரிக்கும் அதிகாரிகளில் சிலர் தாராளம், சிலர் கறார். யாரிடம் போகும் என்பது ஏறக்குறைய அதிர்ஷ்டம். அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்கிட்டபோது, உதவி கிடைத்தவர்கள் பத்து ஆண்டுகளில் மொத்தமாக 50,000 டாலர் அளவுக்குக் கூடுதலாகச் சம்பாதித்தது தெரிந்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கூடுதல் தேய்ந்துகொண்டே போய், பத்தாவது ஆண்டு வாக்கில் மறைந்துவிடுகிறது. அதாவது உதவி வீண் இல்லை, ஆனால் முழு ஈடும் இல்லை. கன்னாபோலிஸில் ஆலை இருந்த இடத்தில் இன்று பெரிய ஆராய்ச்சி வளாகம் நிற்கிறது. அங்கே வேலைக்குப் பட்டம் வேண்டும். துண்டு நெய்தவருக்கு அந்த வாசல் எளிதில் திறக்குமா?

இப்போது அந்த உதவியும் இல்லை. சட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால் 2022 ஜூலை 1 முதல் புதிதாக யாருக்கும் சான்று கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சரக்கின் மேல் வரி போடுவது செய்தியாகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. வேலை போனவரை உட்கார வைத்துப் படிக்க வைப்பது மெதுவான வேலை, அதற்கு யார் கைதட்டுவார்கள்?

நம் பக்கம் என்ன நிலை? இறக்குமதியாலோ, வெளிநாட்டு வரியாலோ வேலை போனவருக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.யில் 2018-இல் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று ஒன்று தொடங்கினார்கள். 2020-இல் அதை உயர்த்தி, சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடு, 90 நாள் வரை என்று ஆக்கினார்கள். நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பில் வேலை போகும் ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தை முதலாளி ஒரு மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும் என்று இருக்கிறது. பதினைந்து நாளில் என்ன புதுத் தொழில் கற்க முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதுவும் பேர் பதிவேட்டில் இருப்பவருக்குத்தான். பீஸ் ரேட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போடும் பெண்ணை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

அதனால்தான் அந்த மூன்று கையெழுத்தை இவ்வளவு விரித்துச் சொன்னேன். 1962-இல் சட்டம் வந்த பிறகும் ஏழு ஆண்டு ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் விதி மாறியது. உங்களில் கம்பெனி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள்: ஆட்களின் பேரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், இ.எஸ்.ஐ., பி.எப். ஒழுங்காகக் கட்டுங்கள். வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள்: இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நின்றால் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய் இப்போதைய விதி என்ன என்று கேளுங்கள். தனியாகப் போகிறவரை நாளைக்கு வா என்பார்கள். மூன்று பேராகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்