சிவகாசியில் ஒரு டாக் சக்

விருதுநகரில் எண்ணெய் பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு பஸ் ஏறினால், ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டி சிவகாசி. பட்டாசுக் கடைப் பலகைகளுக்கு இடையில் 'லேத் ஒர்க்ஸ்' என்ற சின்னப் பலகைகளும் உண்டு. வெளியூர்க்காரர்கள் அவற்றைக் கவனிப்பதில்லை.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சு மெஷின் மக்கர் பண்ணினால்? அதற்குத்தான் லேத் பட்டறை. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவரும் ஊர் இது. அதன்பின் ஆர்டர் குவியும் மாதங்களில் ஒரு ரோலர் தேய்ந்து மெஷின் நின்றால், அச்சகக்காரருக்கு ராத்தூக்கம் போச்சு.

பட்டறைப் பேச்சில் மூன்று தாடை இருப்பது 'ட்ரூ சக்'. சாவியைத் திருப்பினால் மூன்றும் ஒன்றாக நெருங்கி, உருண்டைக் கம்பியைத் தானாகவே நடுவில் பிடிக்கும். நான்கு தாடை 'டாக் சக்'கில் ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. சதுரக் கட்டை, கோணல் வார்ப்பு, மையம் விலகிய கேம் எல்லாம் இதற்குள் அடங்கும். எதிரெதிர்த் தாடைகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, டயல் கேஜ் முள் அசையாமல் நிற்கும்வரை பொறுமை வேண்டும்.

சின்ன சிஎன்சி லேத் வாங்கிய பட்டறையில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

"அண்ணாச்சி, பழைய டாக் சக்கையே மாட்டிருவோமா?"

"மொதல்ல அதுல எத்தன ஆர்பிஎம்னு போட்டிருக்குன்னு பாருடே."

பார்க்க வேண்டியது அதைத்தான். வேகம் இரண்டு மடங்கானால் தாடைகளை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும், பிடி தளரும். மெதுவாக ஓடும் பழைய லேத்துக்குச் செய்த வார்ப்பிரும்பு சக்கை சிஎன்சி வேகத்தில் சுற்றுவது ஆபத்து. ஸ்டீல் உடம்பு, எடை சமன் செய்தது, வேக வரம்பு பொறித்தது என்று பார்த்து வாங்குவதே நல்லது. பெரிய சக் வாங்கினால் பெரிய வேலை செய்யலாம் என்ற ஆசையும் வேண்டாம். கனம் கூடினால் ஸ்பிண்டில் பேரிங் திணறும். வெளியே நீட்டிய தாடை டர்ரெட்டில் இடிக்கும். பின்பக்கப் பொருத்தம் ஸ்பிண்டில் மூக்கோடு சேர வேண்டும், இல்லையென்றால் இடையில் ஒரு பேக் பிளேட்.

புரோகிராமிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜி96 போட்டு முகப்பைச் சீவினால், டூல் மையத்தை நெருங்க நெருங்க மெஷின் தானாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஃபனுக் வகை மெஷினில் ஜி50 கொடுத்து உச்ச வேகத்தைக் கட்டிப்போட வேண்டும். அல்லது ஜி97-ல் ஒரே வேகமாக ஓட்டிவிடலாம். கோணலான வார்ப்பு என்றால் இன்னும் குறைத்து.

முள் நின்றுவிட்டது. பையன் சக் சாவியைக் கழற்றி மேஜையில் வைக்கிறான். அண்ணாச்சி அதை ஒருமுறை பார்த்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார். வாசலில் அச்சகத்து ஆள் டீ கிளாஸோடு காத்திருக்கிறார்.