சொல்லில்லாத வீடு

கொடைரோட்டிலுள்ள எங்கள் இல்லத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. புகைவண்டியின் தாமதத்தையும், நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை விலையின் வீழ்ச்சியையும், குடிநீர் வாராமையையும் இராவுணவு வேளையில் ஓயாது முறையிடுவோம். ஆயின் என் தமையனாரைப் பற்றிப் பேச்செழுந்தால் தகப்பனார் எழுந்து போய்விடுவார். அன்னையார் கண் துடைப்பார். தமையனார் ஆடவரையே விரும்பும் இயல்பினர். அவர் இசைவுடனேயே இதனை எழுதுகின்றேன். அவ்வியல்பைக் குறிக்க எங்கள் வீட்டில் வசைச்சொல்லன்றி வேறு சொல் இல்லை.

வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்றென உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பெற்றோர் எதிர்ப்பால் மதுரையினின்று சென்னைக்குச் சென்ற இரு பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளில் தமக்கு அறிவு போதாதென வெளிப்படக் கூறி, உளவியல் வல்லுநரிடம் பாடங்கேட்ட பின்னரே உத்தரவு வழங்கினார். இயல்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளையும் தடுத்தார். அவ்வழக்கின் பயனாகத் தமிழ்நாட்டரசு 2022இல் இத்தகையோரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலொன்றை வெளியிட்டது.

நீதிபதியே மாணாக்கராய் அமர்ந்தாரெனின், தகப்பனார் தம் மைந்தரிடம் கேட்டறிதல் இழுக்காகுமோ? வரும் விடுமுறையில் அப்பட்டியலை இராவுணவு வேளையில் யானே உரக்க வாசிக்கக் கருதியுள்ளேன்.